தண்டனை முடிந்தும் முடியாத தடை: அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டத்தை எதிர்க்கும் வழக்குகள்

அமெரிக்காவில் உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்கச் செல்பவர் முதலில் 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்பித் தர வேண்டும். பெயர், முகவரி, பிறந்த தேதி ஆகியவற்றைக் கடந்ததும் ஆம் அல்லது இல்லை என்று குறிக்க வேண்டிய கேள்விகள் வரிசையாக வருகின்றன. அவற்றுள் ஒன்றின் சாரம் இது: ஃபெலனி எனப்படும் பெருங்குற்றம் ஒன்றுக்காகவோ, நீதிபதி நினைத்திருந்தால் ஓராண்டுக்கு மேல் சிறைக்கு அனுப்பியிருக்கக்கூடிய வேறொரு குற்றத்துக்காகவோ, உண்மையில் கிடைத்த தண்டனை அதைவிடக் குறைவாக இருந்தபோதிலும், நீங்கள் எப்போதாவது குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டதுண்டா? ஆம் என்று குறித்தால் விற்பனை அங்கேயே நின்றுவிடும். தெரிந்தே பொய்யாக இல்லை என்று குறித்தால் அதுவே தனியொரு குற்றமாகிவிடும்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் நிற்பது அமெரிக்க மத்தியச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பில் உள்ள 922(ஜி)(1) என்ற பிரிவு. ஓராண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டிக்கப்பட்ட எவரும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்று அது சொல்கிறது. தடைக்குக் கால வரம்பு இல்லை. சிறைவாசம் முடிந்து, அபராதம் கட்டி, நன்னடத்தைக் கண்காணிப்புக் காலமும் கழிந்து 30 ஆண்டுகள் ஆனாலும் தடை நீடிக்கும். மேசை இழுப்பறையில் தோட்டா ஒன்று மட்டும் கிடந்தாலும் பிரிவு பொருந்தும். மீறுபவருக்கு முன்பு 10 ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம் என்றிருந்தது. 2022இல் இயற்றப்பட்ட சட்டம் அதை 15 ஆண்டுகளாக உயர்த்தியது. வன்முறைக் குற்றங்களிலோ கடுமையான போதைப்பொருள் குற்றங்களிலோ ஏற்கெனவே மூன்று முறை தண்டனை பெற்றவர் பிடிபட்டால், 15 ஆண்டுகள் என்பதே குறைந்தபட்சத் தண்டனையாகிவிடும். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் இந்தப் பிரிவின்கீழ் சிறை செல்கிறார்கள். மத்திய அரசு வழக்கறிஞர்கள் மிக அதிகமாகக் கையாளும் துப்பாக்கிப் பிரிவும் இதுதான்.

இத்தகைய சட்டம் அரசமைப்புக்குப் பொருந்துமா என்ற கேள்வி கடந்த சில ஆண்டுகளாக அந்நாட்டு நீதிமன்றங்களை மும்முரமாக ஆட்கொண்டிருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் வியப்பாக இருக்கும்; கொள்ளையடித்தவன் கையில் மீண்டும் துப்பாக்கியைக் கொடுக்கச் சொல்லி யார் வாதாடுவார்கள் என்று தோன்றும். கவனம் ஈர்த்த முக்கிய வழக்குகள் அதைப் பற்றியவை அல்ல. சட்டம் விரித்த வலை எவ்வளவு அகலமானது என்பதும், அதில் தவறிச் சிக்கியவர் வெளியேற வழி உண்டா என்பதும்தான் அவற்றின் மையம்.

வலையின் அகலம்

ஃபெலனி என்ற சொல்லைக் கேட்டதும் கொலை, கொள்ளை, தீ வைப்பு போன்றவை நினைவுக்கு வரும். சட்டத்தின் அளவுகோலோ குற்றத்தின் தன்மையைப் பார்ப்பதில்லை. அதற்கு விதிக்கத்தக்க அதிகபட்சத் தண்டனையை மட்டுமே பார்க்கிறது. பொய் வரிக்கணக்கு, தபால் மோசடி, புலனாய்வு அதிகாரியிடம் பொய் சொன்னது ஆகிய எல்லாமே ஓராண்டைத் தாண்டும் தண்டனைக்கு உரியவை. தொலைக்காட்சிப் புகழ் மார்த்தா ஸ்டூவர்ட், பங்கு விற்பனை பற்றிய விசாரணையில் பொய் சொன்னதற்காகவும் விசாரணைக்குத் தடையாக இருந்ததற்காகவும் 2004இல் தண்டிக்கப்பட்டு ஐந்து மாதங்கள் சிறையில் இருந்தார். இந்தப் பிரிவு பற்றிய விவாதங்களில் அவர் பெயர் அடிக்கடி எடுத்துக்காட்டாக வருவதற்குக் காரணம், அவரும் ஆயுதக் கொள்ளையரும் இச்சட்டத்தின் கண்ணுக்கு ஒருவரே என்பதுதான்.

சட்டத்தில் சில விலக்குகள் உண்டு. மாநிலச் சட்டம் மிஸ்டிமினர், அதாவது சிறுகுற்றம், என்று வகைப்படுத்தி, அதிகபட்சத் தண்டனையையும் இரண்டு ஆண்டுகளுக்குள் நிறுத்தியிருந்தால் தடை பொருந்தாது. வணிகப் போட்டியை நசுக்கும் கூட்டுச்சதி, முறையற்ற வணிக நடவடிக்கை போன்ற குற்றங்களும் விலக்கப்பட்டுள்ளன. எனவே போட்டியாளர்களோடு ரகசியமாகப் பேசிவைத்து விலையை ஏற்றி நாட்டு மக்களின் பணத்தைச் சுருட்டிய நிறுவன அதிகாரி தண்டனை முடிந்ததும் துப்பாக்கி வாங்கலாம். உணவு உதவி கேட்டு எழுதிய விண்ணப்பத்தில் வருமானத்தைக் குறைத்துக் காட்டிய கூலித் தொழிலாளி வாங்க முடியாது. இது கற்பனை உதாரணம் அன்று என்பதைப் பின்னால் பார்ப்போம்.

தொடக்கத்தில் வலை இவ்வளவு அகலமாக இருக்கவில்லை. 1938ஆம் ஆண்டின் மத்தியத் துப்பாக்கிச் சட்டம் வன்முறைக் குற்றங்களில் தண்டிக்கப்பட்டவர்களை மட்டுமே குறிவைத்தது. அதுவும் மாநிலங்களுக்கு இடையே துப்பாக்கியை அனுப்புவதையும் அப்படி வந்ததைப் பெறுவதையுமே தடுத்தது. வன்முறை என்ற எல்லைக்கோடு 1961இல் அழிக்கப்பட்டு, ஓராண்டுக்கு மேல் தண்டனைக்குரிய எல்லாக் குற்றங்களும் உள்ளே வந்தன. கென்னடி சகோதரர்களும் மார்ட்டின் லூதர் கிங்கும் சுட்டுக் கொல்லப்பட்ட காலத்தின் அதிர்ச்சியில் 1968இல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது, வெறுமனே வைத்திருப்பதும் குற்றமாயிற்று. ஆக இன்றைய வடிவத்தில் இத்தடைக்கு வயது அறுபதுக்குச் சற்றுக் குறைவு. இந்த வயதுக்கணக்கு வழக்குகளில் பெரிய சிக்கலாக மாறியது.

உரிமை என்று ஆனது எப்போது

நம் நாட்டில் துப்பாக்கி என்பது அரசு தன் விருப்புரிமையில் உரிமம் தந்தால் மட்டுமே கைக்கு வரும் பொருள். அதை மறுத்தால் அடிப்படை உரிமை பறிபோயிற்று என்று வாதாட இடமில்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. 1791இல் ஏற்கப்பட்ட அரசமைப்பின் இரண்டாவது திருத்தம், நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படை சுதந்திர அரசின் பாதுகாப்புக்குத் தேவை என்று கூறிவிட்டு, ஆயுதம் வைத்திருக்கவும் தாங்கிச் செல்லவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது என்று முடிகிறது. குடிப்படையைக் குறிப்பிடுவதால் அது தனிமனிதருக்கான உரிமை அல்ல என்ற கருத்தே 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கீழமை நீதிமன்றங்களில் மேலோங்கி இருந்தது.

2008 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஹெல்லர் வழக்கில் அந்தக் கருத்தை ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தள்ளியது. தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா எழுதினார். அதே தீர்ப்பில் அவர் ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தார்: பெருங்குற்றவாளிகளும் மனநலம் குன்றியவர்களும் ஆயுதம் வைத்திருப்பதற்கு நெடுங்காலமாக உள்ள தடைகளின்மீது இத்தீர்ப்பு ஐயம் எழுப்புவதாகக் கொள்ளக் கூடாது. அடிக்குறிப்பில், இவை சட்டப்படி செல்லும் என ஊகித்துக்கொள்ளத்தக்கவை என்றும் எழுதினார். அந்த வழக்கில் பெருங்குற்றவாளி எவரும் தரப்பினர் அல்லர். முடிவுக்குத் தேவைப்படாமல் போகிற போக்கில் சொல்லப்பட்ட இத்தகைய கருத்து கீழமை நீதிமன்றங்களை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் என்பது அன்றிலிருந்து தொடரும் சச்சரவு. பெரும்பாலான நீதிமன்றங்கள் அந்த ஒரு வாக்கியத்தையே காட்டி, மேலும் ஆராயாமல் மனுக்களைத் தள்ளுபடி செய்துவந்தன.

விதிவிலக்காக எழுந்த குரல்களில் ஒன்று பிற்பாடு கனம் பெற்றது. அமெரிக்காவில் உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த படியில் இருப்பவை வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றங்கள்; ஒன்றின் தீர்ப்பு அதன் வட்டாரத்துக்குள் மட்டுமே கட்டுப்படுத்தும். அவற்றுள் சிகாகோவிலுள்ள ஏழாவது வட்டார நீதிமன்றம் 2019இல் கான்டர் என்ற வழக்கை விசாரித்தது. நோயாளிகளுக்கான காலணிகளையும் காலணி உள்தகடுகளையும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் பெயரில் தவறாக விற்றதற்காகத் தபால் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஓராண்டும் ஒரு நாளும் சிறைத்தண்டனை பெற்றவர் அதில் மனுதாரர். இரண்டு நீதிபதிகள் மனுவைத் தள்ளினர். மூன்றாமவரான ஏமி கோனி பாரெட் மாறுபட்டு எழுதினார். ஆபத்தானவர்களிடமிருந்து ஆயுதத்தை விலக்கிவைக்கச் சட்டமன்றங்களுக்கு அதிகாரம் இருந்ததை வரலாறு காட்டுகிறது. ஃபெலனி என்ற முத்திரை விழுந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக எல்லோரையும் விலக்கும் அதிகாரம் இருந்ததாக அது காட்டவில்லை என்பது அவர் வாதம். வாக்குரிமை, நடுவர் குழுவில் அமரும் உரிமை போன்ற குடிமை உரிமைகள் நன்னடத்தையைச் சார்ந்தவை, தற்காப்பு உரிமை அப்படிப்பட்டதன்று என்றும் பிரித்துக் காட்டினார். அடுத்த ஆண்டே அவர் உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.

வரலாற்றுத் தராசு

2022 ஜூன் 23 அன்று வந்த புரூன் தீர்ப்பு விளையாட்டின் விதிகளையே மாற்றியது. வழக்கு நியூயார்க் மாநிலத்தில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான உரிமம் பற்றியது. ஆனால் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய தீர்ப்பு, இரண்டாவது திருத்தம் தொடர்பான வழக்குகள் எல்லாவற்றுக்கும் புதிய முறை ஒன்றை வகுத்தது. அதுவரை நீதிமன்றங்கள், பொதுப் பாதுகாப்பு என்ற நோக்கத்தையும் தனிமனித உரிமைக்கு ஏற்படும் பாதிப்பையும் ஒன்றோடொன்று எடைபோட்டு முடிவுக்கு வந்தன. அப்படி எடைபோடக் கூடாது என்றது புரூன். திருத்தத்தின் சொற்கள் மனுதாரரின் செயலை உள்ளடக்கினால் உரிமை உண்டென்று கொள்ள வேண்டும். அதன்பிறகு, தான் விதிக்கும் கட்டுப்பாடு நாட்டின் துப்பாக்கி ஒழுங்குமுறை மரபுக்கு இசைவானது என்பதை அரசுதான் வரலாற்றுச் சான்றுகளால் நிறுவ வேண்டும்.

குற்றம் புரிந்தவர்களைத் திரும்பவும் ஆய்வு செய்து யார் எந்த விகிதத்தில் குற்றத்துக்குத் திரும்புகிறார்கள் என்று காட்டும் புள்ளிவிவரம் இந்தத் தராசில் ஏறாது. 18ஆம் நூற்றாண்டுச் சட்டப் புத்தகம் ஏறும். இது நல்ல முறையா என்பதில் எனக்குப் பெரிய ஐயம் உண்டு. நீதிபதிகளை அரைகுறை வரலாற்றாய்வாளர்களாக்கிவிட்டது என்று அமெரிக்க நீதிபதிகள் சிலரே தீர்ப்புகளில் புலம்பியிருக்கிறார்கள். எப்படியிருப்பினும் வழக்குகளைப் புரிந்துகொள்ள இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

வரலாறு இரு தரப்புக்கும் தீனி போடுகிறது. அரசு முன்வைக்கும் முதல் வாதம் எளிது: குடியரசு உருவான காலத்தில் பெரும்பாலான ஃபெலனிகளுக்கு மரண தண்டனையோ சொத்துப் பறிமுதலோ விதிக்க முடிந்தது, உயிரையே எடுக்கும் அதிகாரம் இருந்தபோது, அதைவிடச் சிறியதான ஆயுதப் பறிப்பு அதற்குள் அடங்கியதே. மனுதாரர்கள் தரும் பதில் கூர்மையானது. தூக்கிலிடப்பட்டவனுக்குத் துப்பாக்கி தேவைப்படாது, உண்மை. ஆனால் தண்டனை அனுபவித்துவிட்டு ஊர் திரும்பியவனிடமிருந்து ஆயுள் முழுவதும் ஆயுதத்தைப் பறித்ததாக அக்காலச் சட்டம் எதையும் அரசால் காட்ட முடிகிறதா? மேலும் அன்று மரண தண்டனைக்குரிய குற்றங்கள் ஒரு சிறு பட்டியல்; இன்று ஃபெலனி என்று பெயர் சூட்டப்பட்டவை ஆயிரக்கணக்கில் உள்ளன.

அரசின் இரண்டாவது வாதம், நம்பத்தகாத வகுப்பினர் என்று கருதியவர்களைக் கூட்டமாக ஆயுதமிழக்கச் செய்த மரபைக் காட்டுகிறது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கத்தோலிக்கர்கள், அமெரிக்கக் குடியேற்றங்களில் பூர்வகுடிகளும் அடிமைகளும், புரட்சியின்போது பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசமாக இருந்தவர்கள் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. இவற்றில் பல இன்று அருவருக்கத்தக்க சட்டங்கள். மதத்தையோ இனத்தையோ காட்டி இப்போது எவரும் அப்படிச் சட்டம் இயற்ற முடியாது. இன்றைய தடையைக் காப்பாற்ற, கறுப்பின மக்களை ஒடுக்கிய சட்டங்களையே முன்னுதாரணமாக எடுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது என்பது இந்த வழக்குகளின் மிகச் சங்கடமான பக்கம். ஏழைகளுக்காக வாதாடும் அரசுச் செலவு வழக்கறிஞர்களும் துப்பாக்கி உரிமை அமைப்புகளும் ஒரே பக்கம் நிற்கும் விசித்திரக் கூட்டணி உருவானதும் இங்கேதான். 922(ஜி)(1) பிரிவின்கீழ் குற்றம் சாட்டப்படுபவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு அவர்களின் மக்கள்தொகைப் பங்கைவிட மிக அதிகம்.

மனுதாரர் தரப்பு விரும்பிக் காட்டும் சான்றுகளில் ஒன்று 1787இல் பென்சில்வேனியாவில் அரசமைப்பை எதிர்த்த சிறுபான்மையினர் முன்வைத்த திருத்த வரைவு. குற்றங்கள் செய்ததற்காகவோ, தனிநபர்களால் பொதுமக்களுக்கு உண்மையான ஆபத்து உண்டு என்பதற்காகவோ அன்றி எவரையும் ஆயுதமிழக்கச் செய்யலாகாது என்றது அது. அரசுத் தரப்பு இதே வாசகத்தில் குற்றங்கள் என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறது. மனுதாரர்கள் உண்மையான ஆபத்து என்ற தொடரைப் பிடித்துக்கொள்கிறார்கள். நிறைவேறாமல் போன வேறெந்த வரைவின் ஒற்றை வாக்கியத்தையாவது இவ்வளவு பேர் இவ்வளவு முறை அலசியிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

ரஹிமி தந்த பாதி விடை

புரூனுக்குப் பின் எழுந்த குழப்பத்தை ஓரளவு தீர்க்க உச்ச நீதிமன்றம் 2024 ஜூன் 21 அன்று ரஹிமி வழக்கில் தீர்ப்பளித்தது. அது பெருங்குற்றவாளிகள் பற்றியதன்று. குடும்ப வன்முறை காரணமாக நீதிமன்றப் பாதுகாப்பு ஆணைக்கு உட்பட்டவர் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் அண்டைப் பிரிவு பற்றியது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பு எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தடையை உறுதிப்படுத்தியது. புரூனை எழுதிய தாமஸ்தான் மாறுபட்ட அந்த ஒருவர். பழைய காலத்துச் சட்டம் அச்சு அசலாக இன்றைய சட்டத்தைப் போல இருக்க வேண்டியதில்லை, அடிப்படைக் கோட்பாடு ஒத்துப்போனால் போதும் என்று தீர்ப்பு தளர்த்தியது. வன்முறைக்கு அஞ்சத்தக்கவரிடம் நன்னடத்தைப் பிணை கேட்ட பழைய சட்டங்களையும், ஆயுதத்தோடு திரிந்து மக்களை அச்சுறுத்தியவரைத் தண்டித்த சட்டங்களையும் அது முன்னுதாரணமாக ஏற்றது.

நம் பொருளுக்கு அதிலிருந்து கிடைப்பவை இரண்டு செய்திகள், அவையும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. பிறரின் உடற்பாதுகாப்புக்கு அச்சுறுத்தலாக இருப்பவர் என்று நீதிமன்றம் கண்டறிந்தவரைத் தற்காலிகமாக ஆயுதமிழக்கச் செய்யலாம் என்பதோடு தீர்ப்பு நின்றுகொண்டது. ஒருவர் பொறுப்புள்ள குடிமகன் அல்லர் என்பதற்காக மட்டுமே அவரை ஆயுதமிழக்கச் செய்யலாம் என்ற அரசின் வாதத்தை, பொறுப்பு என்பது தெளிவற்ற சொல் என்று கூறி நிராகரித்தது. இது மனுதாரர்களுக்குச் சாதகம். ஆனால் ஹெல்லரின் அந்தப் பழைய வாக்கியத்தையும் ராபர்ட்ஸ் மறுபடி எடுத்துக்காட்டினார். அது அரசுக்குச் சாதகம். நிலுவையிலிருந்த பெருங்குற்றவாளிகளின் வழக்குகளை விசாரித்து முடிவு சொல்லும்படி அரசே கேட்டுக்கொண்டும் உச்ச நீதிமன்றம் அதைச் செய்யவில்லை. ரஹிமியின் ஒளியில் மீண்டும் பாருங்கள் என்று கீழே திருப்பி அனுப்பிவிட்டது.

இங்கே ஒரு நுட்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஒரு சட்டத்தை இரண்டு விதமாக எதிர்க்கலாம். இந்தச் சட்டம் எவர்மீதும் செல்லாது, முழுவதும் தூக்கி எறியுங்கள் என்று கேட்பது ஒன்று. சட்டம் பொதுவாகச் செல்லட்டும், ஆனால் என் சூழ்நிலையில் என்மீது அதைப் பயன்படுத்துவது அரசமைப்புக்கு முரண் என்று கேட்பது இன்னொன்று. முதல் வகையில் வெல்ல வேண்டுமானால், எந்தவொரு சூழலிலும் சட்டம் செல்லாது என்று காட்ட வேண்டும். ஆயுதக் கொள்ளையர் ஒருவரிடம் அது செல்லுபடியானாலே போதும், மனு விழுந்துவிடும். எனவே மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் அந்த வகை மனுக்கள் தொடர்ந்து தோற்றிருக்கின்றன. உண்மையான போராட்டம் நடப்பது இரண்டாம் வகையில்.

2,458 டாலரின் கதை

அந்த இரண்டாம் வகையில் வென்ற முக்கிய வழக்கு ரேஞ்ச். மனுதாரர் பென்சில்வேனியாவைச் சேர்ந்தவர். 1990களின் நடுவில் புல்வெட்டும் வேலையில் மணிக்கு ஒன்பது, ஒன்பதரை டாலர் சம்பாதித்துக்கொண்டு, மனைவியோடும் மூன்று குழந்தைகளோடும் குடும்பம் நடத்தியவர். உணவு உதவி கேட்டு மனைவி நிரப்பிய விண்ணப்பத்தில் கணவரின் வருமானம் முழுமையாகக் காட்டப்படவில்லை. இருவரும் அதில் கையொப்பமிட்டிருந்தார்கள். 1995இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, கூடுதலாகப் பெற்ற 2,458 டாலரைத் திருப்பிக் கட்டி, 100 டாலர் அபராதமும் வழக்குச் செலவும் செலுத்தி, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பை முடித்தார். ஒரு நாள்கூடச் சிறையில் இருக்கவில்லை. மாநிலச் சட்டம் அதைச் சிறுகுற்றம் என்றே அழைத்தது. ஆனால் அதற்கு விதிக்கத்தக்க அதிகபட்சத் தண்டனை ஐந்தாண்டுகள். விலக்கின் வரம்பான இரண்டாண்டைத் தாண்டிவிட்டது.

1998இல் துப்பாக்கி வாங்க முயன்றபோது பின்னணிச் சோதனையில் அவர் நிராகரிக்கப்பட்டார். ஏதோ பிழை என்று எண்ணிய மனைவி மான் வேட்டைக்கான ரைஃபிள் ஒன்றை அவருக்குப் பரிசாக வாங்கிக் கொடுத்தார். பல ஆண்டுகள் கழித்து இரண்டாம் முறை நிராகரிக்கப்பட்ட பின்னர்தான் காரணத்தைத் தேடிப் பார்த்து, பழைய விண்ணப்ப வழக்குதான் தடை என்று அறிந்தார். உடனே ரைஃபிளை விற்றுவிட்டு நீதிமன்றத்தை நாடினார். பிலடெல்பியாவிலுள்ள மூன்றாவது வட்டார நீதிமன்றத்தின் முழு அமர்வு 2023 ஜூனில் 11க்கு 4 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இரண்டாவது திருத்தம் பேசும் மக்கள் என்ற தொகுதிக்குள் தண்டனை பெற்றவரும் அடங்குவார் என்றது அந்தத் தீர்ப்பு; இல்லையேல் எந்தச் செயலையும் ஃபெலனி என்று பெயரிட்டு ஓர் உரிமையையே அழித்துவிடச் சட்டமன்றத்தால் முடியும் என்பது அதன் தர்க்கம். உச்ச நீதிமன்றம் ரஹிமிக்குப் பின் வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2024 டிசம்பர் 23 அன்று அதே முழு அமர்வு, இம்முறை 13க்கு 2 என்ற கணக்கில், அதே முடிவுக்கு வந்தது.

மற்ற வட்டாரங்கள் இதைப் பின்பற்றவில்லை. செயின்ட் லூயிஸைத் தலைமையிடமாகக் கொண்ட எட்டாவது வட்டாரம், ஒவ்வொரு குற்றமாக எடுத்து ஆராயத் தேவையே இல்லை, சட்டமன்றம் வகுப்பாகப் பிரித்துத் தடை விதிக்கலாம் என்றது. நான்காவது வட்டாரமும் அப்படியே. சுமார் 500 டாலருக்குப் போலிக் காசோலை கொடுத்து வங்கி மோசடிக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டு, பின்னர் படித்துப் பட்டம் பெற்றுச் சமூகப் பணியாளரான ஒரு பெண்ணின் மனுவை டென்வரிலுள்ள பத்தாவது வட்டாரம் 2023இல் தள்ளியது; திரும்பி வந்த வழக்கை 2025 பிப்ரவரியில் மறுபடியும் தள்ளியது. ஒன்பதாவது வட்டாரத்தில் மூவர் அமர்வு 2024 மே மாதத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்க, சரியாக ஓராண்டில் முழு அமர்வு அதைக் கவிழ்த்தது.

இடையில் நிற்பவையும் உண்டு. நியூ ஆர்லியன்ஸிலுள்ள ஐந்தாவது வட்டாரம், முந்தைய குற்றத்துக்கு 18ஆம் நூற்றாண்டில் இணையான குற்றம் எது, அதற்கு அப்போது என்ன தண்டனை என்று தேடுகிறது. கார் திருடிய ஒருவரின் வழக்கில் குதிரைத் திருட்டு இணையாகக் காட்டப்பட்டது. குதிரை திருடியவனுக்கு அன்று மரண தண்டனை வரை உண்டு, எனவே கார் திருடியவரின் துப்பாக்கியைப் பறிக்கலாம். சின்சினாட்டியிலுள்ள ஆறாவது வட்டாரம் ஆபத்து என்பதையே அளவுகோலாக்கியது. தாக்குதல், கொள்ளை போன்ற குற்றம் செய்தவர் ஆபத்தானவர் என்றே தொடங்க வேண்டும்; தான் அப்படியல்ல என்று நிறுவும் சுமை அவருடையது; மோசடி போன்றவற்றில் ஆபத்து இருப்பதாகச் சொல்வது கடினம் என்றது. என் பார்வையில், இருப்பவற்றுள் ஓரளவு நேர்மையான பாதை இதுதான். குதிரையையும் காரையும் ஒப்பிடுவதைவிட, இந்த மனிதர் கையில் துப்பாக்கி இருந்தால் யாருக்காவது ஆபத்து உண்டா என்று கேட்பது தடையின் நோக்கத்துக்கு நெருக்கமானது.

அரசின் மறுவாதத்திலும் வலு இல்லாமல் இல்லை. ஆபத்தை ஆளுக்காள் அளப்பது நீதிபதிகளுக்குக் கைவந்த கலையல்ல. தவறினால் அதன் விலையைக் கொடுப்பவர் வேறொருவர். மேலும், குற்றவியல் சட்டம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வழக்குப் பதிந்து, விசாரணை முடிந்து, நீதிபதி வரலாறும் வாழ்க்கைக் குறிப்பும் படித்த பிறகுதான் ஒருவர் துப்பாக்கி வைத்திருந்தது குற்றமா இல்லையா என்று தெரியவரும் என்றால், அது சட்டம் என்ற பெயருக்கே பொருந்தாது.

அடைத்துவைத்த கதவு

இந்த வழக்குகள் பெருகியதற்கு அரசமைப்பு விவாதத்தில் பேசப்படும் காரணங்களைவிட எளிய காரணம் ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். தனிநபர் வாரியாக ஆராய்ந்து விலக்களிக்கும் ஏற்பாடு சட்டத்திலேயே இருக்கிறது, 925(சி) பிரிவு. விண்ணப்பித்தவரின் பின்னணியைப் பார்த்து, பொதுமக்களுக்கு ஆபத்தாக நடந்துகொள்ள மாட்டார் என்று தெரிந்தால் தடையை நீக்கலாம். அந்த ஏற்பாடு பிறந்த விதமே சுவையானது. வின்செஸ்டர் துப்பாக்கிகளைத் தயாரித்த ஒலின் மாத்தியசன் நிறுவனம், வெளிநாட்டு உதவித் திட்டத்தில் மருந்து விற்றபோது கொடுத்த கையூட்டு தொடர்பான வழக்கில் 1962இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. பெருங்குற்றத்தில் தண்டிக்கப்பட்ட நிறுவனம் துப்பாக்கியை வெளிமாநிலத்துக்கு அனுப்ப முடியாது என்ற நிலை வரவே, 1965இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் விலக்குப் பிரிவைச் சேர்த்தது.

மத்தியத் துப்பாக்கி ஒழுங்குமுறை அமைப்பான ஏடிஎஃப் பல ஆண்டுகள் தனிநபர் விண்ணப்பங்களைப் பரிசீலித்தது. விலக்குப் பெற்ற சிலர் மீண்டும் குற்றத்தில் ஈடுபட்டதாகக் கண்டனம் எழுந்தது. அதிகாரிகளின் நேரத்தை வன்முறைக் குற்றப் புலனாய்வில் செலவிடலாம் என்றும், ஒரு தவறான முடிவு அப்பாவிகளின் உயிரைக் குடிக்கலாம் என்றும் வாதிடப்பட்டது. 1992இல் காங்கிரஸ் பிரிவை நீக்கவில்லை. தனிநபர் விண்ணப்பங்களைப் பரிசீலிக்க ஒரு காசுகூடச் செலவிடக் கூடாது என்று வரவுசெலவுச் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தது. ஆண்டுதோறும் அந்த வரி தொடர்ந்தது. நிறுவனங்களின் விண்ணப்பங்களுக்கு மட்டும் தடை இல்லை.

அந்த மூடலின் விளைவை பீன் வழக்கு காட்டுகிறது. டெக்சாஸைச் சேர்ந்த துப்பாக்கி வணிகர் ஒருவர் எல்லை நகரமான லாரெடோவில் நடந்த துப்பாக்கிக் கண்காட்சிக்குச் சென்றவர், இரவு உணவுக்காக எல்லை தாண்டி மெக்சிகோவுக்குப் போனார். வண்டியின் பின்புறத்தில் ஏறக்குறைய 200 தோட்டாக்கள் கொண்ட பெட்டி கிடந்ததை மெக்சிகோ அதிகாரிகள் கண்டனர். அந்நாட்டில் அது பெருங்குற்றம், சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நாடு திரும்பிய அவர் விலக்குக் கோரி விண்ணப்பித்தார்; பணம் இல்லை என்று ஏடிஎஃப் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. நீதிமன்றம் தானாக விலக்களிக்கலாமா என்ற கேள்விக்கு, விண்ணப்பம் மறுக்கப்பட்டால்தான் மறுஆய்வு, தொடாமல் வைத்திருப்பது மறுப்பாகாது என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அயல்நாட்டுத் தண்டனைகள் இப்பிரிவில் கணக்கில் வராது என்று அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் முடிவு செய்தது 2005இல்தான்.

இப்படி நிர்வாகக் கதவு அடைபட்டதால், எஞ்சிய வழிகள் குறுகலானவை. மாநில நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர் அந்த மாநிலத்தின் மன்னிப்பையோ உரிமை மீட்பையோ நாடலாம். மத்திய நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவருக்குக் குடியரசுத் தலைவரின் மன்னிப்பே நடைமுறையில் ஒரே வழி. அது கிடைக்காதவர் அரசமைப்பை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகாமல் வேறெங்கே போவார்?

2025 மார்ச்சில் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் ஒரு சுற்றுவழி கண்டது. நிதித்தடை ஏடிஎஃப் அமைப்புக்குத்தான், எனவே விலக்களிக்கும் அதிகாரத்தை அதனிடமிருந்து எடுத்துத் தலைமை வழக்கறிஞரே வைத்துக்கொள்வதாக விதியை மாற்றியது. முதலில் விலக்குப் பெற்ற பத்துப் பேரில், குடும்ப வன்முறைச் சிறுகுற்றத்தால் வேறொரு பிரிவின்கீழ்த் தடைபட்டிருந்த நடிகர் மெல் கிப்சனும் ஒருவர். அந்தப் பெயரே திட்டத்தின்மீது கசப்பான விவாதத்தைக் கிளப்பியது. அதே ஆண்டு ஜூலையில் வெளியான வரைவு விதி, வன்முறைக் குற்றம் செய்தவர்களும் பாலியல் குற்றவாளிப் பட்டியலில் உள்ளவர்களும் பொதுவாகத் தகுதியற்றவர்கள் என்று முன்மொழிந்தது.

நீதிமன்ற வழியில் வென்றவரின் வெற்றியும் எவ்வளவு குறுகியது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். ரேஞ்ச் தீர்ப்பு அந்த மனுதாரர் ஒருவருக்குத்தான் உரிமையை மீட்டுத் தந்தது. பென்சில்வேனியா, நியூ ஜெர்சி, டெலவேர் மாநிலங்களில் அதே போன்ற பழைய வழக்கு உள்ள இன்னொருவர் தீர்ப்பைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனால், 4473ஆம் படிவம் அதே கேள்வியைத்தான் கேட்கும், பின்னணிச் சோதனையும் அதே பதிவைத்தான் காட்டும். அவர் தன் பெயரில் தனியாக வழக்குத் தொடுத்து, தன் குற்றமும் அதற்குப் பிந்தைய வாழ்க்கையும் எப்படிப்பட்டவை என்று காட்டி, தீர்ப்பைக் கையில் வாங்கிய பிறகே துப்பாக்கியைத் தொடலாம்; வழக்குக்கு முன்னதாகத் தொட்டுவிட்டு அதே வாதத்தைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து சொல்ல நேர்ந்தால், தோற்கும்போது காத்திருப்பது 15 ஆண்டுகள் வரையிலான சிறை. சில மணி நேரக் கார்ப் பயணத்தில் அவர் மேரிலாந்துக்குக் குடிபெயர்ந்தால் நான்காவது வட்டாரத்தின் எல்லைக்குள் வந்துவிடுவார். அங்கே அந்த வாதத்தைச் சொல்லவே இடமில்லை. மத்தியத் தடையை எங்காவது தாண்டியவருக்கும் அவரவர் மாநிலத்தின் தனித் தடைச்சட்டம் இன்னொரு பக்கம் நிற்கும். அதை நீக்குவதற்கு வேறு மனு, வேறு நீதிமன்றம்.